கூவம் ஏன் இன்னும் நாறுகிறது? சென்னைக் கழிவுநீரும் ஆறுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலைய ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். குடியிருப்போர் சங்கக் கூட்டங்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் பேசப் போனால், எந்தப் பேட்டையாக இருந்தாலும் இதே கேள்விகள்தான் வரும். பதில் சொல்லி முடிப்பதற்குள் கூட்டம் கலைந்துவிடும். நிதானமாகப் படிக்கட்டும் என்று இங்கே எழுதி வைக்கிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்த ஊர் சென்னை என்பதால் சென்னையை வைத்தே சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டுக் குளியலறையிலும் கழிப்பறையிலும் ஊற்றும் தண்ணீர் கடைசியில் எங்கே போகிறது?

பாதாளச் சாக்கடை இணைப்பு உள்ள வீடு என்றால், முதலில் வாசலில் இருக்கும் சின்னத் தொட்டிக்கு வரும். அங்கிருந்து தெருவுக்கு அடியில் உள்ள குழாய்க்குப் போகும். குழாய் மெல்லச் சரிந்தபடியே போகும், தண்ணீரும் தன்னால் ஓடும். ஆனால் சென்னை தட்டையான ஊர். சரிந்துகொண்டே போனால் கொஞ்ச தூரத்திலேயே குழாய் மிகவும் ஆழத்துக்குப் போய்விடும். அதனால் இடையிடையே பம்பிங் ஸ்டேஷன்கள் வைத்து, கழிவுநீரை மேலே தூக்கி அடுத்த குழாயில் விடுகிறார்கள். வடசென்னைக் கழிவுநீர் கொடுங்கையூருக்கும், அண்ணா நகர்ப் பக்கத்தது கோயம்பேட்டுக்கும், கே.கே. நகர்ப் பக்கத்தது நெசப்பாக்கத்துக்கும், தென்சென்னையது பெருங்குடிக்கும் போகிறது என்று பொதுவாகச் சொல்லலாம். இந்த நான்கு இடங்களிலும்தான் பெரிய சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன.

அளவு எவ்வளவு என்று பலர் யோசித்ததே இல்லை. ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது நகரக் குடிநீர்த் திட்டங்களின் கணக்கு. அதில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பி வரும். நான்கு பேர் உள்ள வீட்டிலிருந்து தினமும் 430 லிட்டருக்கு மேல். ஒரு தெருவில் நூறு வீடு இருந்தால் நான்கைந்து தண்ணீர் லாரி அளவு கழிவுநீர் தினந்தோறும் அந்தத் தெருவை விட்டுக் கிளம்புகிறது.

கேள்வி: இத்தனை நிலையங்கள் இருந்தும் கூவம் ஏன் இன்னும் நாறுகிறது? காசெல்லாம் எங்கே போனது?

எந்தக் கூட்டத்திலும் கோபத்தோடு எழும் கேள்வி இதுதான். அந்தக் கோபம் நியாயமானது. பதிலை ஒரு வரியில் சொல்வதென்றால்: நிலையத்துக்கு வந்து சேராத கழிவுநீரை எந்த நிலையத்தாலும் சுத்தம் செய்ய முடியாது.

நான்கு நிலையங்களின் கொள்ளளவைப் பாருங்கள்: கொடுங்கையூர் 270, கோயம்பேடு 214, பெருங்குடி 126, நெசப்பாக்கம் 117 எம்.எல்.டி. ஆக 727 எம்.எல்.டி. ஒரு எம்.எல்.டி. என்றால் நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டர். நகரத்தின் முதுகெலும்பாக நெடுநாள் இருந்த கொள்ளளவு இது. இதற்கு மேலும் புதிய நிலையங்களும் விரிவாக்கங்களும் வந்துகொண்டிருக்கின்றன. காகிதத்தில் பார்த்தால் பெரிய எண்தான். ஆனால் 2011-இல் மாநகராட்சி எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக ஒரே வீச்சில் விரிந்தது. அம்பத்தூர், மதுரவாயல், வளசரவாக்கம், சோழிங்கநல்லூர் என்று சேர்ந்த பகுதிகளில் பல இடங்களில் அப்போது பாதாளச் சாக்கடையே கிடையாது. வீடு கட்டி, குடியேறி, அடுக்குமாடியும் எழும்பிய பிறகுதான் குழாய் பின்னால் நடந்து வருகிறது. குழாய் வரும்வரை அந்தத் தண்ணீர் எங்காவது போயாக வேண்டுமே? மழைநீர் வடிகாலில் போகிறது. வடிகால் ஓட்டேரி நல்லா என்ற ஓடைக்கோ, விருகம்பாக்கம் கால்வாய்க்கோ, பக்கிங்காம் கால்வாய்க்கோ, நேரே கூவத்துக்கோ அடையாற்றுக்கோ போகிறது.

குழாய் வந்த தெருவிலும் இணைப்பு வாங்காத வீடுகள் உண்டு. கட்டணத்துக்குப் பயந்தோ, வாசல் தரையை உடைக்க மனமில்லாமலோ, பழைய குழாயை வடிகாலில் அப்படியே விட்டுவிடுவார்கள். உணவகங்களும் விடுதிகளும் இதைச் செய்யும்போது அளவு பல மடங்கு ஆகும். ஆற்றங்கரைக் குடிசைகள்தான் கூவத்தைக் கெடுத்தன என்று கூட்டங்களில் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. கைபம்பில் அடித்துக் குடத்தில் சுமந்து வருபவர் நாளெல்லாம் செலவழிக்கும் தண்ணீரும், ஷவரும் வாஷிங் மெஷினும் உள்ள வீட்டின் தண்ணீரும் ஒன்றா? கழிவுநீர் என்பது செலவழித்த தண்ணீர்தான். அதிகம் செலவழிப்பவர் வீட்டிலிருந்துதான் அதிகம் வரும்.

இன்னொரு காரணம் உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. கூவத்துக்குச் சொந்தமாகத் தண்ணீர் கிடையாது. திருவள்ளூர் மாவட்டத்தில் கூவம் என்ற ஊரின் ஏரியில் தொடங்கி, சுமார் 70 கிலோமீட்டர் ஓடிவந்து நேப்பியர் பாலத்தருகே கடலைத் தொடுகிறது. வழியில் கொரட்டூர் அணைக்கட்டில் அதன் தண்ணீர் செம்பரம்பாக்கம் ஏரிக்குத் திருப்பப்படுகிறது. நாம் குடிக்கத்தான். எனவே மழைக்காலம் தவிர மற்ற நாட்களில் நகருக்குள் ஓடுவது ஆறு இல்லை, நாம் விட்ட கழிவுநீர். கடல் பக்கமிருந்து அலை ஏறி வந்து கொஞ்சம் அலசிவிடும் என்றால் அதற்கும் வழியில்லை. துறைமுகம் கட்டிய பிறகு அதன் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகன்றது, அதே மணல் கூவத்தின் முகத்துவாரத்தையும் அடைக்கிறது. மேலே தண்ணீர் இல்லை, கீழே வாசல் இல்லை.

1734-இல் நெசவாளர்களைக் குடியேற்றிச் சிந்தாதிரிப்பேட்டையை அமைத்தது இதே கூவத்தின் வளைவில்தான். பச்சையப்ப முதலியார் கோமளீஸ்வரன்பேட்டையில் கூவத்தில் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போவார் என்று சொல்வதுண்டு. நான் அந்தப் பக்கம் மாதிரி எடுக்கப் போன நாளிலெல்லாம் இது நினைவுக்கு வரும்.

கேள்வி: செய்தியில் பி.ஓ.டி. அளவு அதிகம் என்கிறார்கள். அது ஏதாவது ரசாயனமா?

ரசாயனம் இல்லை, அது ஒரு பசி. தண்ணீரில் உள்ள கரிம அழுக்கை நுண்ணுயிர்கள் தின்கின்றன. தின்னும்போது அவை மூச்சு விடுகின்றன, அதற்குத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் வேண்டும். ஒரு லிட்டர் நீரில் உள்ள அழுக்கைத் தின்ன எத்தனை மில்லிகிராம் ஆக்சிஜன் செலவாகிறது என்பதே பி.ஓ.டி., அதாவது உயிர்வேதி ஆக்சிஜன் தேவை.

அளக்கும் விதம் எளிது. மாதிரி நீரைத் தேவையான அளவு நீர்த்து, 300 மில்லி பாட்டிலில் காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்பி, இறுக மூடி, இருட்டில் வைத்துவிடுவோம். நம் நாட்டில் 27 டிகிரியில் மூன்று நாள். பிரிட்டனில் தொடங்கிய பழைய முறையில் 20 டிகிரியில் ஐந்து நாள். நம் ஊர்ச் சூட்டில் நுண்ணுயிர்கள் வேகமாகத் தின்பதால் மூன்று நாளே போதும். வைக்கும் முன் எவ்வளவு ஆக்சிஜன் இருந்தது, எடுக்கும்போது எவ்வளவு மிச்சம் என்று பார்த்தால் கணக்கு வந்துவிடும். அதனால்தான் இன்றைக்கு எடுத்த மாதிரியின் முடிவு இன்றைக்கே கிடைக்காது. ஆற்றில் மீன் செத்து மிதக்கிறது, ரிப்போர்ட் எங்கே என்று கேட்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது ஒரு கணக்கு. சுத்தம் செய்யாத வீட்டுக் கழிவுநீரின் பி.ஓ.டி. லிட்டருக்கு 250 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். சென்னை வெயிலில் நல்ல தண்ணீர் ஒரு லிட்டரில் சுமார் ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். ஒரு குடம் கழிவுநீரை ஆற்றில் கொட்டினால், முப்பத்துமூன்று குடம் நல்ல நீரில் உள்ள ஆக்சிஜன் முழுவதையும் அது விழுங்கிவிடும். காற்றிலிருந்து கொஞ்சம் மீண்டும் கரையும், ஆனால் தேங்கிக் கிடக்கும் நீரில் அது மெதுவாகத்தான் நடக்கும். கூவத்தில் அந்த முப்பத்துமூன்று குடம் நல்ல தண்ணீருக்கு எங்கே போவது?

ஆக்சிஜன் தீர்ந்ததும் அது இல்லாமலே வாழும் நுண்ணுயிர்கள் தலையெடுக்கும். அவை தண்ணீரில் உள்ள சல்பேட்டை எடுத்து ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றும். அழுகிய முட்டை நாற்றம் என்கிறோமே, அது இந்த வாயுதான். அதே சல்பைடு வண்டலில் உள்ள இரும்போடு சேர்ந்து கறுப்பாகும். கூவம் கறுப்பாக இருப்பதும் நாறுவதும் வேறுவேறு நோய் அல்ல, ஒரே நோயின் இரண்டு அறிகுறி.

கேள்வி: நிலையத்துக்குள் என்னதான் செய்கிறார்கள்? பினாயில் ஊற்றுவார்களா?

ஒரு சொட்டுகூட ஊற்றுவதில்லை. ஊற்றினால் எங்கள் வேலைக்காரர்கள் செத்துப்போவார்கள். வேலைக்காரர்கள் என்று நான் சொல்வது நுண்ணுயிர்களை.

கழிவுநீரில் 99.9 சதவீதம் தண்ணீர்தான். மிச்சமுள்ள அந்தத் துளி அழுக்கைப் பிரிக்கத்தான் இத்தனை தொட்டிகள். முதலில் கம்பிச் சல்லடை. பிளாஸ்டிக் பை, துணி, நாப்கின், முடி, சாஷே உறை என்று நகரமே அங்கே சிக்கிக்கொள்ளும். அடுத்து மணல் தங்கும் தொட்டி. அதன்பின் அகன்ற வட்டத் தொட்டியில் தண்ணீரை அசையாமல் விட்டால் கனமான அழுக்கு அடியில் படியும், எண்ணெய்ப் பிசுக்கு மேலே மிதக்கும். இதுவரை நடந்தது வெறும் வடிகட்டலும் படியவைத்தலும்தான். கரைந்திருக்கும் அழுக்கு அப்படியே இருக்கும்.

அதற்குத்தான் ஏரேஷன் டேங்க். பெரிய தொட்டியில் இடைவிடாமல் காற்றைச் செலுத்துவார்கள். அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் பழுப்பு நிறப் பஞ்சுத் துகள்களாகத் திரண்டு மிதந்து, வருகிற அழுக்கைத் தின்றுகொண்டே இருக்கும். சில மணி நேரம் கழித்து அடுத்த தொட்டிக்குப் போனால் துகள்கள் அடியில் படியும், மேலே தெளிந்த நீர் வழியும். படிந்த சேற்றில் ஒரு பகுதியைத் திரும்ப ஏரேஷன் டேங்குக்கே அனுப்புவார்கள். தயிருக்கு உறை ஊற்றுவது போல, நேற்றைய சேறுதான் இன்றைய வேலையைத் தொடங்கிவைக்கிறது. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆர்டன், லாக்கெட் என்ற இருவர் 1914-இல் இந்த முறையை வெளியிட்டார்கள். நூறாண்டு கடந்தும் உலகின் பெரும்பாலான நகரங்கள் இதன் ஏதோ ஒரு வடிவத்தை நம்பித்தான் இருக்கின்றன.

காலையில் நிலையத்துக்குள் நுழைந்ததும் நாங்கள் செய்யும் முதல் சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஏரேஷன் டேங்க் நீரை ஒரு லிட்டர் கண்ணாடி உருளையில் எடுத்து அரை மணி நேரம் அசையாமல் வைப்போம். சேறு கட்டியாகப் படிந்து மேலே தெளிவாக இருந்தால் அன்றைக்கு நிம்மதி. படியாமல் பஞ்சு பஞ்சாக மிதந்துகொண்டே இருந்தால் ஏதோ சரியில்லை. நார்போல் நீண்டு வளரும் வகை நுண்ணுயிர்கள் பெருகியிருக்கலாம், ஆக்சிஜன் குறைந்திருக்கலாம், யாரோ தொழிற்சாலைக் கழிவைச் சாக்கடையில் திறந்துவிட்டிருக்கலாம். அனுபவமுள்ள ஆபரேட்டர் இதற்குக்கூடக் காத்திருக்க மாட்டார். தொட்டி ஓரம் நின்று மூக்கை வைத்தே சொல்லிவிடுவார். ஆரோக்கியமான சேற்றுக்கு மழை பெய்த மண்ணின் வாசனை உண்டு, நம்பித்தான் ஆகவேண்டும்.

மின்சாரம் போனால் காற்று நிற்கும், காற்று நின்றால் நுண்ணுயிர்களுக்கு மூச்சு முட்டும். சில மணி நேரத்தில் அவை சாகத் தொடங்கும். திரும்ப நிலைக்குக் கொண்டுவர நாட்கள் ஆகும். நிலையத்தின் மின் செலவில் ஏறக்குறையப் பாதி இந்தக் காற்றுக்கே போகிறது.

கேள்வி: மிஞ்சும் சேற்றை என்ன செய்கிறார்கள்?

மூடிய செரிப்பான் தொட்டிகளில் காற்றில்லாமல் வைப்பார்கள். அதிலிருந்து மீத்தேன் நிறைந்த வாயு வரும். அந்த வாயுவில் எஞ்சினை ஓட்டி மின்சாரம் எடுக்கும் ஏற்பாடு சென்னையின் பெரிய நிலையங்களில் 2000-களின் நடுப்பகுதியிலிருந்தே இருக்கிறது. நிலையத்துக்கு வேண்டிய மின்சாரத்தில் நல்ல பங்கை நிலையமே செய்துகொள்ளும். செரித்து உலர்ந்த சேற்றை எருவாகப் பயன்படுத்தலாம், ஆனால் கன உலோகங்களைச் சோதித்த பிறகே.

கேள்வி: சுத்திகரித்த தண்ணீரைக் குடிக்கலாமா?

நான் மேலே சொன்ன நுண்ணுயிர்ச் சுத்திகரிப்பை இரண்டாம் நிலை என்பார்கள். அதோடு நிற்கும் நீரைக் குடிக்கக் கூடாது. பார்க்கத் தெளிவாக இருக்கும், கிருமி இருக்கும். மேலும் சில படிகள் தாண்டினால் எவ்வளவு வேண்டுமானாலும் சுத்தமாக்கலாம். நமீபியாவின் விண்ட்ஹூக் நகரம் 1968 முதல் இப்படிச் சுத்திகரித்த நீரைக் குடிநீரோடு கலந்து தருகிறது. சிங்கப்பூரின் நியூவாட்டர் எல்லாருக்கும் தெரிந்தது.

சென்னை வேறு வழியை எடுத்தது, அது புத்திசாலித்தனமான வழி என்பது என் கருத்து. 1990-களின் தொடக்கத்திலேயே மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் நம் கழிவுநீரை வாங்கி மேலும் சுத்தம் செய்து பயன்படுத்த ஆரம்பித்துவிட்டன. 2019-இல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா 45 எம்.எல்.டி. கொள்ளளவில் மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு நிலையங்கள் திறக்கப்பட்டன. நுண்ணிய சவ்வு வடிகட்டல், அதற்கு மேல் ஆர்.ஓ. அந்த நீர் ஒரு பக்கம் மணலி, மீஞ்சூர் ஆலைகளுக்கும், மறுபக்கம் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்கும் குழாயில் போகிறது.

அதே 2019 கோடையை நினைத்துப் பாருங்கள். ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். 45 எம்.எல்.டி. என்பது பதினெட்டு ரயில், அதுவும் ஒவ்வொரு நாளும், ஒரே நிலையத்திலிருந்து. ஆலைக்கு இந்த நீர் போகப் போக, அந்த அளவு ஏரித் தண்ணீர் நம் குழாய்க்கு மிச்சமாகிறது. ஆற்றில் விழவேண்டிய அழுக்கும் அந்த அளவுக்குக் குறைகிறது.

கேள்வி: ஆற்றில் விடும் நீர் எவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா?

இருக்கிறது, அதுவும் இறுகிக்கொண்டே வருகிறது. 1974-ஆம் ஆண்டின் தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் அடிப்படை. 2017 அக்டோபரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் பெருநகரங்களுக்கு பி.ஓ.டி. 20, மற்ற ஊர்களுக்கு 30 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தது. 2019 ஏப்ரலில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அது போதாது என்று பெருநகரங்களுக்கு பி.ஓ.டி. 10, நீரில் கரையாமல் கலந்திருக்கும் திடப்பொருள் 20 என்று இறுக்கியது. நைட்ரஜனுக்கும் பாஸ்பரசுக்கும் வரம்பு வந்தது. ஆற்றில் இறங்கிக் குளிக்க வேண்டுமென்றால் ஆற்றுநீரின் பி.ஓ.டி. 3-க்கு மேல் போகக் கூடாது, கரைந்த ஆக்சிஜன் 5-க்குக் கீழே இறங்கக் கூடாது.

வரம்பை இறுக்குவது நல்லதே. ஆனால் நிலையத்துக்கு வரும் நீரை 20-லிருந்து 10-க்கு இறக்கப் பெரும் செலவு செய்துவிட்டு, பக்கத்திலேயே வடிகால் வழியாக 250-இல் ஓடும் நீரை விட்டுவைத்தால் ஆற்றுக்கு எந்த மாற்றமும் தெரியாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020-21 கணக்குப்படி நாட்டின் நகரங்களில் ஒரு நாளில் உண்டாகும் கழிவுநீர் 72,368 எம்.எல்.டி. நிறுவியுள்ள கொள்ளளவு 31,841. உண்மையில் சுத்திகரிக்கப்பட்டது 20,235. கடைசி இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கட்டி வைத்த நிலையங்களிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பயன்படவில்லை. என் கவலையெல்லாம் இந்த இடைவெளியில்தான்.

கேள்வி: எங்கள் அடுக்குமாடியில் தனி எஸ்.டி.பி., அதாவது சின்னக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. ஆனால் நாற்றம் தாங்கவில்லை. ஏன்?

இரவில் தொட்டிக்குக் காற்று செலுத்தும் புளோயரை நிறுத்துகிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். நான் பார்க்கப் போன ஒரு குடியிருப்பில் மின் கட்டணத்தை மிச்சம் பிடிக்க இரவு பத்து மணிக்கு நிறுத்தி, காலை ஆறு மணிக்குத்தான் போடுவார்கள். எட்டு மணி நேரம் காற்றில்லாமல் கிடந்தால் தொட்டி அழுகாமல் என்ன செய்யும்? காலையில் புளோயரைப் போட்டதும் அந்த வாயுவெல்லாம் கிளம்பி மேலே வரும். அங்கே ஆறு மணிக்கு நாற்றம் வந்ததன் ரகசியம் அதுதான். சங்கத்தில் பேசி ஓட்ட நேரத்தைச் சீர்செய்ததும் இரண்டு வாரத்தில் அடங்கியது. நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு ஒழுங்கான சம்பளமும் பயிற்சியும் கொடுங்கள். வாட்ச்மேனையே இதையும் பார்க்கச் சொல்வது பல இடத்தில் நடக்கிறது.

கேள்வி: செப்டிக் டேங்க் லாரிக்காரர் எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்?

இதைக் கேட்காமலே பணம் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அவர் போகவேண்டிய இடம் சுத்திகரிப்பு நிலையமோ, அதற்கென்று ஒதுக்கிய பம்பிங் ஸ்டேஷனோ. ராத்திரியில் கால்வாயில் திறந்துவிடும் லாரிகளும் உண்டு. செப்டிக் டேங்க் கசடு சாதாரணக் கழிவுநீரைவிடப் பல மடங்கு கெட்டியானது, ஒரு லாரி கால்வாயில் கொட்டினாலே அந்தப் பகுதி செத்துப்போகும். தமிழக அரசு 2014-இல் கசடு மேலாண்மைக்கு வழிகாட்டு நெறிகள் கொண்டுவந்தது. செங்கல்பட்டு அருகே கருங்குழியில் 2017-இல் கசடுக்கென்றே தனிச் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. சின்ன ஊர்களுக்கு இது ஏற்ற வழி. இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை டேங்கைக் காலி செய்யுங்கள். உரிமம் உள்ள லாரியைக் கூப்பிட்டு, எங்கே கொட்டினார் என்பதற்கு ரசீது கேளுங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் பட்டினப்பாக்கம் கடற்கரையில் வெள்ளையாக நுரை வருகிறதே, குழந்தைகள் விளையாடலாமா?

வேண்டாம். 2019 டிசம்பரில் மெரினா வரை நுரை ஒதுங்கி, பிள்ளைகள் அதில் குதித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். சுத்திகரிக்காத கழிவுநீரில் உள்ள சோப்புத்தூளும் கரிமப் பொருளும் அடையாற்றில் தங்கிக் கிடந்து, மழை வெள்ளம் தள்ளிக்கொண்டு வரும்போது அலையில் அடிபட்டு நுரையாகிறது. அதில் இருப்பது சாக்கடைக் கிருமி. தோலில் அரிப்பு வரும், வாயில் போனால் வயிற்றுப்போக்கு வரும்.

கேள்வி: ஆகாயத்தாமரை தண்ணீரைச் சுத்தம் செய்யுமாமே? நுண்ணுயிர்க் கரைசல் ஊற்றினால் ஆறு சரியாகிவிடும் என்றும் சொல்கிறார்களே?

ஆகாயத்தாமரை நைட்ரஜனையும் பாஸ்பரசையும் உறிஞ்சுவது உண்மை. ஆனால் அறுத்து வெளியே எடுக்காவிட்டால் அங்கேயே அழுகி எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடும். அது அடர்ந்து வளர்ந்திருப்பதே அங்கே கழிவுநீர் வருகிறது என்பதற்கு அடையாளம். கரைசல் விஷயத்தில், கூவத்தில் நுண்ணுயிருக்குப் பஞ்சமே இல்லை, பஞ்சம் ஆக்சிஜனுக்குத்தான்.

கேள்வி: மேன்ஹோலில் இறங்கி ஆட்கள் சாவது ஏன் நிற்கவில்லை?

அடைப்பு எடுக்க ஆளை இறக்கிவிடும் பழக்கம் நிற்கவில்லை, அதனால்தான். மூடிக் கிடக்கும் குழியில் நான் முன்பு சொன்ன ஹைட்ரஜன் சல்பைடு தேங்கும். இந்த வாயுவின் கொடுமை என்னவென்றால், குறைவாக இருக்கும்போது நாறும், அளவு கூடினால் மூக்கின் உணர்வையே மழுக்கிவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்குபவர் சில மூச்சிலேயே விழுவார். அவரைத் தூக்க இறங்கும் அண்ணனோ தம்பியோ அடுத்து விழுவார். இப்படி ஒரே குழியில் இரண்டு மூன்று பேர் போன செய்திகளைப் படித்திருப்பீர்கள்.

2013-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பின்றிச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியது. இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. உங்கள் வீட்டு டேங்கில் ஆளை இறக்கினால் நீங்களும் பொறுப்பாளி. அடைப்பு என்றால் சென்னையில் 1916-ஐக் கூப்பிட்டால் மெட்ரோ வாட்டர் இயந்திரத்தோடு வரும். கொஞ்சம் தாமதமாகலாம். காத்திருங்கள். இருநூறு ரூபாய் கூலிக்கு ஒரு மனிதரை அந்தக் குழிக்குள் அனுப்பாதீர்கள்.

கேள்வி: எதையெல்லாம் கழிப்பறையிலும் சிங்க்கிலும் போடக் கூடாது?

நாப்கின், டயப்பர், ஈரத்துடைப்பான், முடி, பொரித்த எண்ணெய், டீத்தூள், காலாவதி மாத்திரை. எண்ணெய் குழாயில் கட்டியாக உறைந்து ஊர்ச் சாக்கடையையே அடைக்கும். மாத்திரையில் உள்ள ஆன்டிபயாடிக்கை நம் நிலையங்களால் முழுதாக நீக்க முடியாது. இன்னொன்று: மழை வெள்ளம் வடிய மேன்ஹோல் மூடியைத் திறக்காதீர்கள். ஊர் மணலும் பிளாஸ்டிக்கும் உள்ளே போய், அடுத்த நாள் சாக்கடை உங்கள் வாசலுக்கே திரும்பி வரும்.

கேள்வி: மக்களே பணம் போட்டுப் பாதாளச் சாக்கடை கட்டிய ஊர் உண்டா?

உண்டு, பக்கத்திலேயே. ஆலந்தூர் தனி நகராட்சியாக இருந்தபோது, 1990-களின் பிற்பகுதியில், நகர்மன்றத் தலைவராக இருந்த ஆர்.எஸ். பாரதி காலத்தில், வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம் என்று வசூலித்துத் திட்டத்தைத் தொடங்கினார்கள். தெருத்தெருவாகக் கூட்டம் போட்டு விளக்கிய பிறகே பணம் கேட்டார்கள். குழாய் போடும் முன்பே பணம் கட்டியவர்கள் குழாய் வந்ததும் இணைப்பு வாங்காமல் இருப்பார்களா? அந்தக் கழிவுநீருக்காகப் பெருங்குடியில் 12 எம்.எல்.டி. நிலையமும் எழுந்தது. மக்கள் காசு தர மாட்டார்கள் என்று சொல்லும் அதிகாரிகளிடம் நான் ஆலந்தூரைத்தான் சொல்வேன்.

கேள்வி: செத்த ஆறு உயிர் பெற்றதாக எங்காவது நடந்திருக்கிறதா?

லண்டனில் தேம்ஸ். 1957-இல் அதன் கழிமுகம் உயிரியல் ரீதியாகச் செத்துவிட்டது என்றே அறிவித்தார்கள், நகருக்குள் பல கிலோமீட்டருக்கு மீனே இல்லை. பெக்டன், கிராஸ்னஸ் என்ற இரண்டு பெரிய சுத்திகரிப்பு நிலையங்களைப் பெரிதாக்கிச் சீர்செய்தார்கள். 1974-இல் ஆற்றில் ஒரு சால்மன் மீன் கிடைத்தது. ஆக்சிஜன் நிறையத் தேவைப்படும் மீன் அது. லண்டனில் முன்பே ஏறக்குறைய எல்லா வீட்டுக்கும் குழாய் இருந்தது, கழிவுநீரில் பெரும்பகுதி நிலையங்களுக்கு வந்துகொண்டிருந்தது. அதனால் நிலையத்தைச் சீர்செய்ததும் பலன் தெரிந்தது. நமக்கு முதலில் குழாய் வேலை முடிய வேண்டும்.

கேள்வி: எங்கள் வீட்டுக் கழிவுநீர் பாதாளச் சாக்கடைக்குப் போகிறதா, மழைநீர் வடிகாலுக்குப் போகிறதா? எப்படித் தெரிந்துகொள்வது?

இதைக் கேட்பவரைப் பார்த்தால் எனக்கு அன்றைய களைப்பே போய்விடும். கடையில் சமையலுக்கு விற்கும் சிவப்புக் கலர்ப் பொடி ஒரு பொட்டலம் வாங்கிக்கொள்ளுங்கள். மழை பெய்யாத நாளாகப் பார்த்து, இரண்டு ஸ்பூன் பொடியைக் கழிப்பறையில் போட்டு இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். குளியலறைக்கும் சமையலறைக்கும் இதைத் தனித்தனியாகச் செய்யுங்கள், பல வீடுகளில் கழிப்பறை ஒரு குழாய்க்கும் சமையலறை வேறு குழாய்க்கும் போகும். ஒருவர் வாசல் தொட்டியைப் பார்க்கட்டும், இன்னொருவர் தெருவோர வடிகாலின் சதுரத் திறப்பைப் பார்க்கட்டும். பத்து நிமிடத்துக்குள் எங்காவது சிவப்பு தெரியும். தெரு மேன்ஹோல் மூடியை மட்டும் நீங்களாகத் திறக்க வேண்டாம்.

சிவப்பு வடிகாலில் தெரிந்தால், மெட்ரோ வாட்டர் பகுதி அலுவலகத்தில் வீட்டு வரி ரசீதோடு இணைப்புக்கு விண்ணப்பம் கொடுங்கள். உங்கள் தெருவில் குழாயே இல்லை என்றால் வார்டு பொறியாளரிடம் தெரு முழுவதும் கையெழுத்திட்டு மனு கொடுங்கள், இந்தச் சிவப்பு நீரின் படத்தையும் அதோடு வையுங்கள். எங்கள் பக்கத்துத் தெருவில் பதினொரு வீடுகள் ஒரே ஞாயிற்றுக்கிழமை காலையில் இதைச் செய்து பார்த்தன. நான்கு வீட்டுச் சிவப்பு வடிகாலில் வந்தது. அதில் மூன்று வீடு அந்த மாதமே விண்ணப்பம் கொடுத்துவிட்டது, நான்காவது வீட்டுக்காரர் வாசல் தரையை உடைக்க மேஸ்திரியைத் தேடிக்கொண்டிருக்கிறார்.